கூண்டுக் கிளிக்கு வந்த அழைப்பு



மாத்தளைப் பகுதியில் பலாவும் கொய்யாவும் இல்லாத வீட்டு வளவு குறைவு. பழத்தைத் தேடிக் கிளிக்கூட்டம் வந்திறங்கும் நேரத்தில், விறாந்தைக் கூண்டில் இருக்கும் உங்கள் கிளியைக் கவனித்ததுண்டா? அதுவரை "உம்மா, உம்மா" என்று நம் பேச்சைப் பேசியது, திடீரெனத் தன் இனத்தின் குரலில் பதில் கொடுக்கும்; கம்பியைக் கொத்தும்.

"அப்படியானால் பறவை வளர்ப்பது ஹராமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத்தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்போடு அதன் நலம் விசாரித்தார்கள். ஆனால், பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண் நரகம் புகுந்ததையும் அவர்களே சொன்னார்கள்.

இன்னொரு சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி ஏவினார்கள். பொந்திலிருந்து எடுத்து விற்கப்படும் கிளிக்குஞ்சை வாங்கும்போது, அந்தத் தாயை நாம் நினைக்கிறோமா?

திருப்பிக் கொடுப்பதற்கும் பொறுமை வேண்டும். நம் மாவட்டத்தின் வஸ்கமுவ, லக்கல பக்கம் யானைகளால் பயிரிழந்தோர் கண்ணீரும் உண்டு. மனிதரால் தாயிழந்த குட்டிகளும் உண்டு. இப்படி நாட்டின் பல பாகங்களிலும் அநாதையாகும் குட்டிகளுக்காக, வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் உடவளவையில் ஓர் இல்லம் அமைத்தது. அங்கே சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள். பார்வையாளர்களைத் தூரத்திலேயே நிறுத்துவார்கள். மனிதரோடு அதிகம் பழகினால் காட்டை மறந்துவிடும் அல்லவா? வளர்ந்த குட்டிகளை 1998 முதல் கூட்டமாகக் காட்டில் விட்டு வருகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்டவை திரும்பிவிட்டன. அவற்றில் சில காட்டு யானைகளோடு சேர்ந்து தாயாகியும் விட்டன. அல்ஹம்துலில்லாஹ்!

ஆகவே, நெடுநாள் வளர்த்த கிளியை ஆவேசத்தில் இன்றே திறந்துவிடாதீர்கள். இரை தேடத் தெரியாமல் அது மடியலாம். இருப்பதை அமானத்தாகப் பேணுங்கள். விசாலமான கூடு, சுத்தமான தண்ணீர், வேளைக்கு உணவு கொடுங்கள். புதிதாக ஒரு குஞ்சைக் கேட்டு உங்கள் பிள்ளை அடம்பிடித்தால், முற்றத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கப் பழக்குங்கள். பறவைகள் தாமாகவே வரும். உயிர்களின் தாகம் தீர்த்த நன்மையும் சேரும், இன்ஷா அல்லாஹ்.