சும்மா இருப்பவர் சோம்பேறியா?

"என்ன, சும்மாவா இருக்கிறீங்க?" என்பது எம்மவர் ஒருவரையொருவர் கண்டால் கேட்கும் சாதாரணக் கேள்வி. வயலோடு வாழ்ந்த காலத்தில் இது யாரையும் சுட்டதில்லை. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின், "ஓம், சும்மாதான்" என்று திண்ணையில் இருந்தபடி சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். காணியை விட்டு வந்து முகாமிலோ உறவினர் வளவிலோ காலம் கழிப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் முகம் வாடிவிடுகிறது.

விவசாயி வருடம் முழுவதும் ஓடித்திரிந்தவர் அல்லர். ஐப்பசி மழைக்கு முன் நிலத்தைப் பண்படுத்தி, வரம்பு கட்டி, விதைத்தபின் வேலையின் வேகம் குறையும். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலாக இரவு முழுவதும் பரணில் இருப்பார். அங்கே அவர் செய்வது என்ன? உட்கார்ந்திருப்பதுதான். ஆனால் அவரைச் சோம்பேறி என்று எவரும் சொன்னதில்லை. ஏனெனில் அந்த இருப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அறுவடைக்குப் பின் கிடைத்த ஓய்வும் அடுத்த போகம் வரும் என்பதனாலேயே ஓய்வாக இருந்தது. அடுத்த போகம் எப்போது என்று தெரியாதவருக்கு ஓய்வு ஏது? அவருக்குள்ளது காத்திருப்பு மட்டுமே.

சம்பூர் மக்களின் அனுபவம் இதற்குச் சான்று. 2006இல் மோதல்களால் இடம்பெயர்ந்து மட்டக்களப்பு வரை சென்றவர்களில் பலர், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். 2007இல் அவர்களது நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. பின்னர் அதில் ஒரு பகுதி கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு ரத்துச் செய்யப்பட்டு 818 ஏக்கர் மக்களுக்கு விடுவிக்கப்பட்டது 2015இலேதான். கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டால் ஒன்பது பெரும்போகங்களாவது அவர்களின் கையை விட்டுப் போயின. "நிவாரணம் வாங்கிப் பழகிவிட்டார்கள், வேலை செய்ய மனமில்லை" என்று இவர்களைப் போன்றவர்களைப் பற்றி வெளியார் பேசுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இப்பேச்சு நியாயமற்றது மட்டுமல்ல, உண்மைக்குப் புறம்பானதும்கூட.

அவுஸ்திரியா நாட்டில் மரியன்தால் என்றொரு நெசவாலைக் கிராமம் இருந்தது. 1930ஆம் ஆண்டளவில் ஆலை மூடப்பட, ஊர் முழுவதுமே வேலையிழந்தது. அங்கு சென்று ஆராய்ந்தவர்கள் 1933இல் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது. நேரம் தாராளமாகக் கிடைத்ததால் மக்கள் கூடுதலாக வாசித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் இரவல் பெறப்பட்ட புத்தகங்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது! ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்களோ அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். சமையலும் பிள்ளைகளும் அவர்களை விட்டுவிடவில்லை அல்லவா!

மனிதர் ஏன் இவ்வாறு வேலையை நாடுகிறார்கள்? அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் நிரப்பிய படிவத்தை அருகில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம், அல்லது தூரம் நடந்து சென்று கொடுத்து வரலாம் என்று விடப்பட்டது. எங்கே கொடுத்தாலும் ஓர் இனிப்புக் கிடைக்கும். இரண்டு இடத்திலும் ஒரே இனிப்பு என்றபோது பெரும்பாலோர் நடக்கவில்லை. வெவ்வேறு வகை இனிப்பு என்றதும் பெரும்பாலோர் நடந்தார்கள். நடந்தவர்களே சும்மா காத்திருந்தவர்களைவிட மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஆக, மனிதர் சும்மா இருக்க விரும்புவதில்லை, ஆயினும் எழுந்து போவதற்கு ஒரு காரணம் வேண்டும். மகிழ்ச்சிக்காகப் பயனற்ற வேலையைக்கூட உண்டாக்கிக் கொடுக்கலாம் என்ற கருத்தையும் அவ்வாய்வாளர்கள் முன்வைத்தார்கள். இதனை நாம் ஏற்பதற்கில்லை. தான் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடுமா என்று விவசாயிக்குத் தெரியும். மாணவருக்குப் போதுமான சாட்டு அவருக்குப் போதாது.

எமது நிலைமைக்கு மிக நெருங்கியது வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா அகதிகள் 745 பேரிடையே நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஆய்வாகும். ஒரு பகுதியினருக்கு இரண்டு மாதமளவில் ஊதியத்துடன் எளிய வேலை ஒன்று வழங்கப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு வேலையின்றி அதேயளவு பணம் வழங்கப்பட்டது. வேலை பெற்றவர்களின் மனநலம் தெளிவாக முன்னேறியது. பணம் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. வேலை செய்தவர்களில் 66 வீதமானோர், கூலி இல்லாவிட்டாலும் வேலையைத் தொடர ஆயத்தமாக இருந்தார்கள்.

உதவி நிறுவனங்கள் இதைப் படித்துவிட்டுக் கூலியைக் குறைக்காதிருக்க வேண்டும் என்பதே எமது கவலை! வயிறு நிறைய வேண்டியது முதலாவது. அதன்பின், முகாமில் ஒருவருக்கு என்ன பொறுப்பைக் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். கிணறு இறைப்பதை, பொதுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை, விதைநெல்லைப் பூச்சி அண்டாமல் பாதுகாப்பதை ஒருவர் பொறுப்பேற்றால், அவர் வராத நாளில் மற்றவர்கள் அவரைத் தேடுவார்கள். தேடப்படுவதே மருந்து. 2025இல் முத்துநகர் விவசாயிகள் தமது காணிக்காகத் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அவர்களும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஆனால் பரணில் இருப்பவரைப் போல.

பெண்களின் பிரச்சினை வேறு. தண்ணீர் வரிசை, விறகு, சமையல், பிள்ளைகள் என்று முகாமிலும் அவர்களுக்கு ஓய்வில்லை. அதன்மேல் பிற்பகல் இரண்டு மணிக்குத் தையல் வகுப்பு, நான்கு மணிக்குச் சேமிப்புக் கூட்டம் என்று சுமத்துவது நலமாகாது. சவர்க்காரம் செய்யக் கற்றுக்கொண்ட சான்றிதழ்கள் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன!

மற்றொன்றையும் கவனியுங்கள். இழப்பின் பின் சிலர் ஒரு நிமிடமும் ஓயாமல் வேலை செய்வார்கள். கூட்டிய முற்றத்தையே மீண்டும் கூட்டுவார்கள். துக்கம் நெஞ்சை அடைக்காதிருக்க இது சில காலம் கைகொடுக்கும், அதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் உறக்கமில்லை, பேச்சில்லை, இரவானால் கசிப்பு என்றாகும்போது இன்னொரு வேலையைக் கொடுப்பதால் பயனில்லை. அவருடன் அருகிலிருந்து பேச ஒருவர் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்துடன் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம். வீட்டாரும் அயலவரும் அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே சென்று வருவது நல்லது.