எல்லாவற்றுக்கும் 'விசர்' என்று ஒரே பெயரா?



கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாச் செலவையும் 'பலவினம்' என்ற ஒரே தலைப்பில் போடுவதில்லை. போட்டால் பணம் எங்கே போனதென்று ஆண்டு முடிவில் ஒருவருக்கும் தெரியாது. மனதின் கணக்கில் மட்டும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நித்திரை வராவிட்டாலும் விசர், காரணமின்றி அழுதாலும் விசர். அந்தப் பெயருக்குப் பயந்தே பலர் வைத்தியரிடம் போவதில்லை. ஆகவே இம்மாதம் ஐந்து சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நெருக்கீடு. ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் புகைவண்டி புறப்பட இரண்டு நிமிடம். ரிக்கற் இன்னும் எடுக்கவில்லை. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். ஏறி அமர்ந்ததும் அடங்கிவிடும். இது நோயல்ல, உடல் எம்மைத் தயார்ப்படுத்தும் முறை.

இரண்டாவது, பதகளிப்பு. ஏறி அமர்ந்த பின்னும் படபடப்பு அடங்காமல், ஏதோ நடக்கப் போகிறதென்று நாள்தோறும் மனம் பதைப்பது.

மூன்றாவது, மனச்சோர்வு. சாதாரண கவலை வேறு, இது வேறு. பிடித்தவற்றிலும் நாட்டமின்மை, பசியின்மை, நித்திரைக் குழப்பம், தன்னையே குறை சொல்லல் என்பன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

நான்காவது, மனவடு. உயிராபத்தான அனுபவம் விட்டுச் செல்லும் காயம் இது. அதே நிலையத்தில் சீருடைக்காரர் ஒருவர் 'தொக்குமெந்தி' கேட்கிறார். பத்திரங்கள் சரியாக இருந்தும் ஒருவருக்கு ஊரின் சோதனைச்சாவடி கண்முன் வந்து நிற்கிறது. கெட்ட கனவு, பழைய நினைவைத் தரும் இடங்களைத் தவிர்த்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனவடு நோயாக இருக்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஐந்தாவது, கூட்டு மனவடு. போரும் 2004 சுனாமியும் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பங்களையும் ஊர்களையும் காயப்படுத்தியதை, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். சந்தேகமும் மௌனமும் அதன் அடையாளங்கள். அன்று வாய் திறவாதிருந்தது உயிரைக் காத்தது. இன்று அதே மௌனம் வீட்டுக்குள் தொடரும்போது, பிள்ளைகளுக்கு அது தகப்பனின் கோபமாகத் தெரிகிறது.

வைத்தியரிடம் போனால் 'அங்கொடையில்' அடைத்துவிடுவார்கள் என்ற பயம் இங்கு தேவையில்லை. 1978இல் வந்த பசாலியா சட்டம் இத்தாலியில் பழைய மனநோய் விடுதிகளை மூட வழி செய்தது. இப்போது உங்கள் மெதிகோ தி பாசேயிடம் சொன்னால், அவர் மனநல நிலையத்துக்கு வழிகாட்டுவார். 'சிக்கோலொகோ' பேசிக் குணப்படுத்துபவர், மருந்து எழுதமாட்டார். 'சிக்கியாத்ரா' மருந்தும் எழுதக்கூடிய வைத்தியர். சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது இருவருக்கும் கடமை.

மொழி தெரியாதென்று பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். தாயின் துயரத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது பெரிய சுமை. 'மெதியாத்தோரே' ஒருவரைக் கேளுங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம், 112ஐ அழையுங்கள்.

சரியான பெயர் தெரிந்தால், எந்தக் கதவைத் தட்டுவதென்றும் தெரியும்.