இணையக் கடையின் நினைவாற்றல்



மளிகைக் கடைக்குச் சென்று துவரம்பருப்பின் விலையைக் கேட்கிறீர்கள். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டுவதில்லை. கேட்ட மாத்திரத்தில் விலையைச் சொல்லிவிடுகிறார். ஆண்டிற்கு ஒருமுறை எவரேனும் தேடி வரும் நாட்டு மருந்துச் சரக்கு ஒன்றின் விலையைக் கேட்டால், அவர் பேரேட்டைத்தான் எடுக்க வேண்டும். அடிக்கடி கேட்கப்படுவது நினைவில் இருக்கிறது. அரிதாகக் கேட்கப்படுவது ஏட்டில் இருக்கிறது. இணையத்தின் வழியே நடைபெறும் கடைகளுக்கும் இத்தகைய நினைவு ஒன்று உண்டு. அதனை அமைப்பது எவ்வாறு, அமைத்தபின் ஒழுங்கில் வைத்திருப்பது எவ்வாறு என்பனவற்றையே இன்று உங்களுக்கு விளக்க எண்ணுகிறேன்.

முதலில், இணையக் கடையின் ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு சட்டையின் படத்தைத் தொட்டவுடன், கடையின் கணிப்பொறி தன் தரவுத்தளத்தை நாடுகிறது. தரவுத்தளம் என்பது கடையின் பேரேடு. சட்டையின் பெயர் என்ன, விலை என்ன, வரி எவ்வளவு, எந்த அளவுகள் இருப்பில் உள்ளன, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, விடைகளைத் தொகுத்து, ஒரு பக்கமாகக் கோத்து உங்களுக்கு அனுப்புகிறது. அடுத்த நொடியில் வேறொருவர் அதே சட்டையைக் கேட்டால், அத்தனை வேலையும் மீண்டும் நடைபெறுகிறது. ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் முறை! விடை மாறவில்லை, உழைப்பு மட்டும் ஆயிரம் மடங்காகிறது.

தரவுத்தளம் நிலையான சேமிப்பு வட்டில் உறைவது. கணிப்பொறியின் வேலை நினைவகமோ மின்சாரம் உள்ளவரை மட்டும் செய்தியைத் தாங்குவது. ஆனால் மிக விரைவானது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டில் ஓரிடத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு ஆகும். இரண்டிற்கும் இடையே ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. நினைவகத்தின் வேலை ஒரு நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், வட்டின் வேலை முடிய 27 மணி நேரத்திற்கு மேலாகும். சுழலும் பகுதியே இல்லாத இக்கால வட்டுகள் இந்த வேறுபாட்டைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் அவையும் நினைவகத்திற்கு ஈடாகா. அன்றியும், கோத்து முடித்த விடையை நினைவகத்தில் வைத்துக்கொண்டால், தேடும் நேரம் மட்டுமன்றிக் கோக்கும் உழைப்பும் மிச்சமாகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ், 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பெரிய மெதுவான நினைவகத்திற்கு முன்னே சிறிய விரைவான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று விளக்கினார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் இதனைக் கையாண்டது. அப்போதுதான் இதற்குக் 'கேஷ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. கணிப்பொறிக்குள்ளே இருந்த இம்முறையை, இணையத் தளங்களுக்கு உரிய தனி மென்பொருளாக 2003இல் ஆக்கியவர் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்கர். அம்மென்பொருளின் பெயர் மெம்கேஷ்டி. 2009இல் இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ, ரெடிஸ் என்னும் மற்றொன்றைத் தந்தார். 2024இல் ரெடிஸின் உரிம விதிகள் மாறியபோது, அதிலிருந்து வால்கீ என்னும் கிளை பிரிந்தது.

இனி அமைக்கும் முறை. மெஜண்டோ என்னும் இணையக் கடை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2008இல் அமெரிக்காவில் வெளியான இது, 2018இல் அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. இதன் திறந்த பதிப்பை எவரும் பெற்றுப் படித்துப் பார்க்கலாம் என்பதால், மாணவர்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. மெஜண்டோவை நிறுவி அப்படியே விட்டுவிட்டால், தான் கோத்துவைத்தவற்றை வட்டில் கோப்புகளாகவே அது வைத்துக்கொள்ளும். அவற்றை நினைவகத்திற்கு மாற்ற, முதலில் ரெடிஸை நிறுவ வேண்டும். பின்னர் மெஜண்டோவின் அமைப்புக் கோப்பில், ரெடிஸ் இயங்கும் கணிப்பொறியின் முகவரியையும், அதன் வாயில் எண்ணையும் எழுத வேண்டும். ரெடிஸின் வழக்கமான வாயில் எண் 6379. ரெடிஸ் ஒன்றனுள் எண்ணிட்ட பல அறைகள் உண்டு. கடையின் பொது அமைப்புகளுக்கு 0, முழுப் பக்கங்களுக்கு 1, வாடிக்கையாளரின் அமர்வுகளுக்கு 2 என்று அறைகளை ஒதுக்குவது வழக்கம். அமர்வு என்பது, ஒருவர் உள்ளே வந்தது முதல் வெளியேறும் வரை அவரைக் கடை அடையாளம் கண்டுகொள்ள உதவும் குறிப்பு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நினைவகம் அளவிற்குட்பட்டது, நிரம்பினால் எதையேனும் வெளியேற்றியாக வேண்டும். 64 துணுக்குக் கணிப்பொறியில் ரெடிஸ் தானாக வரம்பு எதனையும் வைத்துக்கொள்வதில்லை; நாமே வரம்பு கட்ட வேண்டும். வரம்பை எட்டியபின் யாது செய்வது என்பதையும் நாமே சொல்ல வேண்டும். நெடுநேரம் எவரும் தொடாததை முதலில் வெளியேற்றுக என்பது பலரும் கையாளும் விதி. பக்கங்களுக்கு இவ்விதி பொருந்தும். வெளியேற்றிய பக்கத்தைப் பேரேட்டிலிருந்து மீண்டும் கோத்துக்கொள்ளலாம். ஆனால் அமர்வுக் குறிப்பை வெளியேற்றினால், பொருள்களைத் தேர்ந்துகொண்டிருந்தவர் திடீரென வெளியே தள்ளப்படுவார். அறை எண்கள் வேறாயினும் நினைவக வரம்பு வீடு முழுமைக்கும் ஒன்றே. ஆகவே, அமர்வுகளுக்கெனத் தனி ரெடிஸ் ஒன்றை இயக்கி, அதில் எதையும் வெளியேற்றாதே என்று விதி வகுப்பதே அறிவுடைமை.

நான் கணக்காசிரியனாகப் பணியாற்றியவன். எனவே ஒரு கணக்குப் போடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நினைவகத்தில் பார்க்க 1 மில்லிநொடியும், அங்கே இல்லாதபோது பேரேட்டிலிருந்து கோத்தெடுக்க மேலும் 50 மில்லிநொடியும் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு கேள்விகளில் 90க்கு நினைவகத்திலேயே விடை கிட்டினால், சராசரி நேரம் 1 உடன் 50இல் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அதாவது 6 மில்லிநொடி. நூற்றுக்கு 99 கிட்டினால், 1 உடன் அரை. அதாவது ஒன்றரை மில்லிநொடி. கிட்டும் விழுக்காடு 90இலிருந்து 99க்கு உயர்வது சிறு மாற்றம்போலத் தோன்றும்; ஆனால் நேரம் நான்கில் ஒரு பங்காகிறது, பேரேட்டின் சுமையோ பத்தில் ஒரு பங்காகிறது. கிட்டியவை எத்தனை, கிட்டாதவை எத்தனை என்று ரெடிஸே எண்ணி வைத்துக்கொள்கிறது. அவ்வெண்களைப் பார்க்காமல், அமைப்பு நன்றாக இயங்குகிறது என்று எவரும் சொல்லலாகாது.

விரைவைப் பெற்றுவிட்டோம்; இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். நினைவில் இருப்பது படி, மூலம் அன்று. மூலம் மாறியபின் படி மாறாதிருந்தால் அது பொய்யாகிவிடுகிறது. காலையில் 500 ரூபாயாக இருந்த சட்டையின் விலை நண்பகலில் 600 ஆகிறது. பேரேடு 600 என்கிறது. நினைவகமோ 500 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாங்குபவர் எதனை நம்புவார்?

பள்ளிக்கூடத்தில் இதனை நாம் நன்கு அறிவோம். கால அட்டவணையின் மூலம் தலைமையாசிரியர் அறையில் இருக்கும். படிகள் வகுப்புதோறும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். மூலத்தை மட்டும் திருத்திவிட்டுப் படிகளை மறந்தால், ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள்; மற்றொரு வகுப்பில் ஒருவரும் இரார். இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. படி ஒவ்வொன்றிலும் 'வெள்ளிக்கிழமை வரை மட்டும்' என்று எழுதி ஒட்டலாம். அந்நாள் கழிந்ததும் அதனை ஒருவரும் நம்பமாட்டார். அல்லது, எந்த ஆசிரியரின் பெயர் எந்தெந்தச் சுவர்களில் உள்ளது என்று குறித்து வைத்துக்கொண்டு, மாற்றம் நேர்ந்தவுடன் பியூனை அனுப்பி அச்சுவர்களில் உள்ளவற்றை மட்டும் கிழித்துவிடச் செய்யலாம். ரெடிஸில் ஒவ்வொரு செய்திக்கும் ஆயுட்காலம் குறிக்கலாம். இது முதல் வழி. மெஜண்டோ தான் கோத்த பக்கம் ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பொருள்கள் இடம்பெற்றன என்று அடையாளச் சீட்டு கட்டி வைக்கிறது. ஒரு பொருள் திருத்தப்பட்டவுடன் அச்சீட்டு உள்ளவற்றை நீக்குகிறது. இது இரண்டாம் வழி. இரண்டையும் சேர்த்துக் கையாள்வதே பாதுகாப்பானது. இவை இருந்தாலும், வாங்குபவர் பணம் செலுத்தும் வேளையில் விலையையும் இருப்பையும் பேரேட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அவ்விடத்தில் விரைவைவிட உண்மையே பெரிது.

ஆயுட்காலம் முடியும் கணத்திலும் ஓர் இடர் உண்டு. பலரும் விரும்பிப் பார்க்கும் பக்கம் ஒன்று நீக்கப்பட்டவுடன், அதைக் கேட்டு நிற்கும் அத்தனை பேருக்காகவும் ஒரே சமயத்தில் பேரேட்டைப் புரட்ட நேரும். பேரேடு அச்சுமையைத் தாங்காது. இதற்கு ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று நல்ல வழியைக் காட்டுகிறது. முதலில் வந்தவருக்கு மட்டும் ஒரு சீட்டுக் கொடுத்துப் பேரேட்டிற்கு அனுப்பி, மற்றவரைச் சற்றே காத்திருக்கச் செய்தனர். சில வகைச் செய்திகளில் நொடிக்கு 17,000 என்றிருந்த பேரேட்டுக் கேள்விகளின் உச்ச அளவு, இதனால் 1,300 ஆகக் குறைந்தது என்று அவர்கள் எழுதியுள்ளனர்.

இவை எல்லாவற்றிலும் பெரிய கேள்வி மற்றொன்று: யாருக்காக நினைவில் வைக்கிறோம்? சட்டையின் படமும் வருணனையும் எல்லார்க்கும் பொது. உங்கள் பெயரும், முகவரியும், கூடையில் இட்ட பொருள்களும் உங்களுக்கு மட்டுமே உரியவை. பொதுவானதை ஒருமுறை கோத்து ஆயிரம் பேருக்குக் காட்டலாம். தனிப்பட்டதை அவ்வாறு வைத்துவிட்டால் விளைவு யாது?

2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் அமெரிக்க இணையக் கடையில் இதுவே நேர்ந்தது. அன்று அக்கடையை முடக்கும் நோக்குடன் பெருந்தாக்குதல் ஒன்று நடைபெற்றது. அதனைச் சமாளிக்க, கடைக்கு முன்னே நின்று பக்கங்களைத் தாங்கும் கூட்டாளி நிறுவனம் புதிய கேஷ் விதிகளைப் புகுத்தியது. அவற்றுள் ஒன்று, உள்நுழைந்தவர்களுக்கே உரிய பக்கங்களையும் பொதுப் பக்கங்கள்போல் பதித்து வைத்துக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், ஒருவர் பார்க்க வேண்டிய பக்கம் வேறொருவருக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. கடவுச்சொற்களும் முழு அட்டை எண்களும் வெளியாகவில்லை. ஆனால் சிலருடைய முகவரிகளும் மின்னஞ்சலும் வாங்கிய விவரங்களும் அயலார் கண்ணில் பட்டன. அன்று கேஷ் மெதுவாகவும் இயங்கவில்லை, பழுதுபடவும் இல்லை; சொன்னதைச் செய்தது. விதி வகுத்ததில்தான் பிழை.

மெஜண்டோ இவ்விடரை எண்ணியே பக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பொதுவான பகுதி நினைவகத்திலிருந்து வருகிறது. உங்கள் பெயரும் கூடையும் தனியே கேட்டுப் பெறப்பட்டு, உங்கள் உலாவியிலேயே அதனோடு இணைக்கப்படுகின்றன. இப்பிரிவினையை உணராமல் புதிய பகுதிகளைச் சேர்க்கும் நிரலர், தம்மை அறியாமலே இச்சுவரை இடித்துவிடக்கூடும்.

நினைவகத்தின் கதவையும் பூட்டி வைத்தல் வேண்டும். பொது இணையத்தில் திறந்து கிடந்த மெம்கேஷ்டி கணிப்பொறிகளைக் கருவியாக்கி, 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் என்னும் தளத்தைச் சிலர் தாக்கினர். ஒரு சிறு கேள்வியைப் பல்லாயிரம் மடங்கு பெரிய விடையாக்கி, அவ்விடையைக் கிட்ஹப்பின் வாயிலில் கொட்டச் செய்தனர். நொடிக்கு 1.35 டெராபிட் அளவிற்கு அவ்வெள்ளம் உயர்ந்தது. அக்கணிப்பொறிகளின் உடைமையாளர்கள் தாக்கியவர்கள் அல்லர். கதவைத் திறந்து போட்டவர்கள். நினைவகம் கடையின் உள்ளறையில் இருக்க வேண்டுவது. தெருவிற்கு அதன் வாயில் தெரியலாகாது.

நண்பர்களே, நாளை உங்களில் சிலர் இத்தகைய கடைகளை அமைக்கும் பணியில் அமர்வீர்கள். அப்போது, எந்தச் செய்தியையும் நினைவகத்தில் இடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது மாறினால் எனக்கு எவ்வாறு தெரியும்? இதை எதுவரை நம்பலாம்? இதைக் காண உரிமையுடையவர் யார்? மூன்றிற்கும் விடை தெரியாத செய்தியைப் பேரேட்டிலேயே விட்டுவையுங்கள். பக்கம் சற்றுத் தாமதமாக வந்தால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். தம் வீட்டு முகவரியை அயலார் படித்தார் என்று அறிந்தால், அவர் அக்கடைக்கு மீண்டும் வரமாட்டார்.