உங்களுக்குத் தெரியுமா? கரும்பின் வழியைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கரும்பு வணிகத்தின் எல்லைகளை வகுப்பது 1966ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையாகும். ஓர் ஆலைக்கெனக் குறிப்பிட்ட பரப்பின் கரும்பை உரிமையாக்கும் 'ஒதுக்கீட்டுப் பகுதி' முறைக்கு இடமளிக்கும் இவ்வாணை, 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, இயங்கிவரும் ஆலையிலிருந்து 15 கி.மீ. தொலைவுக்குள் புதிய ஆலை எழுவதையும் தடுக்கிறது.

வெட்டிய கரும்பில் சர்க்கரைச்சத்து விரைந்து குறைவதால் தொலைவிலுள்ள ஆலையை நாட இயலாத உழவர், விற்போர் பலராகவும் வாங்குவோர் ஒருவராகவும் அமையும் 'ஒற்றைக் கொள்முதலாளர்' சந்தைக்குள் இவ்விதிகளால் தள்ளப்படுகிறார். எனினும் அதே ஆணை, அரசு அறிவித்த விலைக்குக் குறையாத தொகையை 14 நாட்களுக்குள் ஆலை வழங்க வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்க்க வேண்டும் என்றும் விதித்து, அவரது பேர வலிமைக் குறைவை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஒதுக்கீட்டு முறையையும் தொலைவு விதியையும் கைவிடலாம் என 2012இல் பொருளியல் அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தபோதும், குறைந்தபட்ச விலையை அது விலக்கச் சொல்லவில்லை. போட்டியைத் தடுக்கும் விதியும் வலுவற்றவரைக் காக்கும் விதியும் வெவ்வேறாக எடைபோடத்தக்கவை என்பதே இதனால் பெறப்படும் கருத்தாகும்.