நான்கு வெற்றி, நான்காம் இடம்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. ஆம்பூர் ரசிகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது பந்தயம் முழுவதற்குமான மூன்றாம் இடமல்ல, போர்ஷே 992 பிரிவின் மூன்றாம் இடம். வெவ்வேறு திறனுள்ள கார்கள் ஒரே தடத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் சிலர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பயிற்சியின்போது நேர்ந்த விபத்துக்குப் பின் அஜித் தன் அணியின் காரை ஓட்டவில்லை, வேறொரு அணியின் காரை ஓட்டினார். நாயகன் இறங்கிக்கொண்டாலும் அணி மேடையேறலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் குணம். இங்கே புள்ளிப் பட்டியல் அளப்பது வேகத்தை அல்ல, விழாமல் நிற்பதை.

இத்தகைய நெடுநேரப் பந்தயங்களுக்கான 2016 உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். மார்க் வெபர் குழு ஓட்டிய போர்ஷே ஒன்பது பந்தயங்களில் நான்கை வென்றது. ஆனால் முதல் மூன்றில் விபத்தும் பழுதுமாகி, 134.5 புள்ளிகளுடன் நான்காம் இடத்தில் முடிந்தது. பட்டம் போனது அதே நிறுவனத்தின் இன்னொரு காருக்கு, 160 புள்ளிகளுடன். நீல் யானி, ரொமைன் டுமா, மார்க் லீப் ஓட்டிய அந்தக் கார் வென்றவை இரண்டே. கடைசி ஆறு பந்தயங்களில் ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வரவில்லை. ஆனால் ஒன்றிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி தருவதால் வந்த அநியாயம் இது என்பார்கள். அந்த இரட்டிப்பைக் கழித்துப் பார்த்தாலும் 135-க்கு 134, பட்டம் கைமாறாது. அந்த இரண்டு வெற்றிகளும் தானமாக வந்தவை என்பது இன்னும் வலுவான வாதம். சில்வர்ஸ்டோனில் முதலில் வந்த ஆடி கார் தகுதி நீக்கப்பட்டது. லெ மானில் முன்னணியிலிருந்த டொயோட்டா கடைசி நிமிடங்களில் நின்றுபோனது. பிறகு ஊர்ந்து கோட்டைத் தாண்டியும், இறுதிச் சுற்றை உரிய நேரத்தில் முடிக்காததால் அதற்கு முடிவுப் பட்டியலிலேயே இடமில்லை. கொடுமைதான். ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு புரியும்: கப்பலைத் தவறவிட்ட சரக்கின் தையல் எவ்வளவு நேர்த்தியாயிருந்து என்ன பயன்? தானமும் அடுத்து நிற்பவனுக்குத்தானே கிடைக்கும்.

சென்னையின் கருண் சந்தோக் 2012 லெ மானில் ஆறாவதாக வந்ததும் அப்படித்தான். அவருடையது ஒரு தனியார் அணி. அதைவிட வேகமான இரண்டு டொயோட்டாக்களும் பாதி வழியில் விலகின. ஆம்பூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நடப்பவை சில சுற்றுகளில் முடியும் குறும்போட்டிகள். முந்துவதை அங்கே நன்றாகவே கற்கலாம். நள்ளிரவில் சேதமில்லாத காரை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைப்பதைக் கற்க நம் பிள்ளைகள் இன்னும் வெளிநாடுதான் போக வேண்டியிருக்கிறது.