டோர் பேட்டைக் கழற்றும்போது

புனே நகருக்கு வடக்கே நாசிக் செல்லும் சாலையில் போசரி இருக்கிறது. பெரிய தொழில் பேட்டை அது. பக்கத்திலேயே பிம்பிரி. டாடா கம்பெனியின் இண்டிகா கார் 1998-ல் வெளிவந்தது. அது செய்யப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். தமிழ்நாட்டிலும் வாடகைக் காராக நிறைய ஓடியது. 2018-ல் அதன் உற்பத்தி நின்றது.

கார் செய்யும் ஊரில் கார் பழுது பார்க்கும் பட்டறைகளும் இருக்கும். அங்கே புதிதாகச் சேரும் ஆளுக்குச் சீக்கிரமே வரும் வேலை ஒன்று உண்டு. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி மாட்டும் வேலை. பட்டறையில் இதை 'டோர் பேட்' என்பார்கள். கண்ணாடி இறங்கவில்லையா? பூட்டு பழுதா? முதலில் டோர் பேட்டைத்தான் கழற்ற வேண்டும்.

பலர் திருப்புளியை ஓரத்தில் நுழைத்து நெம்புவார்கள். பேட் உடைந்துவிடும். அந்தச் செலவு பட்டறையின் தலையில் விழும். சில இடங்களில் வேலையாளின் கூலியிலேயே பிடிப்பார்கள்.

பேட்டைத் திருகுகளும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் பிடித்திருக்கின்றன. திருகுகள் சட்டென்று கண்ணில் படாது. கைப்பிடிக் குழியில் சின்ன மூடி இருக்கும். அதன் அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும். எல்லாத் திருகுகளையும் கழற்றிய பிறகே ஓரத்தில் கை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் நெம்புகோலைக் கிளிப்புக்குப் பக்கத்தில் கொடுத்து, ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும்.

கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தக் கைப்பிடியையும் எடுக்க வேண்டும். பல கார்களில் அதன் பின்னால் வளைந்த கம்பி கிளிப் இருக்கும். ஒரு துணியைப் பின்னால் கொடுத்து, இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் கிளிப் வெளியே வரும். செலவில்லாத வழி இது. கிளிப் துள்ளி விழும், கவனம்!

பேட் விடுபட்டதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பின்னால் சுவிட்ச் வயரும் பூட்டுக் கம்பியும் இருக்கும். ஒரு கையால் பேட்டைத் தாங்கிக்கொண்டு அவற்றை எடுக்க வேண்டும்.

பேட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். "இது எதற்கு?" என்று பலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கதவுக்குள் மழைநீர் போகாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. கண்ணாடி ஓரமாக நீர் எப்போதும் உள்ளே இறங்கும். கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போகும். நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். தாள் கிழிந்தால் தரைவிரிப்பு நனையும். நாற்றம் வரும். நாளடைவில் அடித்தகடு துருப்பிடிக்கும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தாள் இல்லாத கார் ஒரே மழைக்காலத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே தாளை மெதுவாக உரித்து, பழையபடி ஒட்ட வேண்டும். அடி ஓட்டைகளில் சேறு இருந்தால் குத்தி எடுத்துவிட வேண்டும்.

மாட்டும்போது உடைந்த கிளிப்புகளை மாற்ற வேண்டும். பழையதையே வைத்தால் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். வயர்களை முதலில் இணைக்க வேண்டும். பல கார்களில் பேட்டின் மேல் விளிம்பைக் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டு, பிறகு கிளிப்புகளை உள்ளங்கையால் தட்ட வேண்டும். திருகு கடைசியில்தான்.

ஏர்பேக் உள்ள காரில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். விபத்து நடந்ததும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரியும் பை இது. சில கார்களில் கதவு ஓரத் தூண்களின் மேலும் இருக்கும். அங்குள்ள உறையில் ஆங்கிலத்தில் 'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' என்று எழுதியிருக்கும். வயர் இணைப்பு பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தால் கை நிற்க வேண்டும். சாவியை அணைத்து, பேட்டரியின் இணைப்பை எடுத்து, கம்பெனிப் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். தவறிப் பை விரிந்தால் முகமும் கையும் காயப்படும்.

எல்லா இணைப்பையும் மாட்டிய பிறகே பேட்டரியை இணைக்கலாம். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். அணையாமல் எரிந்தால் வேலை முடியவில்லை. காரைக் கொடுத்தனுப்பக் கூடாது.