கந்தகமும் தேன்மெழுகும்

பெரிய அந்தமானியர் என்று இன்று நாம் அழைக்கும் குடிகளிடம் மூன்று விலக்குகள் இருந்தன. தேன்மெழுகை உருக்கவோ எரிக்கவோ கூடாது. விடியலிலும் அந்தியிலும் சிள்வண்டு இசைக்கும் வேளையில் விறகு பிளப்பது போன்ற ஓசை எழுப்பலாகாது. அவ்வண்டைக் கொல்வது அதனினும் பெருங்குற்றம். காட்டுக் கிழங்கு முதலிய சில உணவுகளை எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இவற்றுள் எதை மீறினாலும் வடகிழக்குக் காற்றுக்கு உரியவளான பிலிகு சினந்தெழுவாள், புயல் வரும்.

ஆனால் கிழங்கு தின்னாமல் காட்டில் வாழ முடியாது. எனவே அவர்கள் ஒரு வழி கண்டிருந்தனர். கிழங்கைத் தோண்டி எடுத்தபின், கொடியோடு கூடிய அதன் தலைப்பகுதியைப் பழைய குழியிலேயே நட்டுவைப்பர். மேலிருந்து பார்க்கும் பிலிகுவுக்குக் கொடி நின்றபடியே தெரியும். நட்ட தலை மீண்டும் வேர்விட்டுக் கிழங்கு வைக்கும் என்பது உழவர் எவரும் அறிந்த செய்தி. விதியை மீறாமல் விதியைச் சுற்றிச் செல்லும் இந்தத் திறத்தை, விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடும் ஆட்டக்காரர் எவரும் உடனே அடையாளம் காண்பர்.

அவ்வாறான விதிநூல்களுள் புகழ்பெற்றது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதை சொல்வார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, தாம் செய்ய விரும்புவதைச் சொல்வர். செயல் வெற்றியா தோல்வியா என்பதைக் கவறு தீர்க்கும். நாலு முகம் முதல் இருபது முகம் வரை கொண்ட கவறுகள் உண்டு. அம்மாந்தருள் ஒருவர் மாயவர். தீக்கோளம் எறிவார், மின்னல் விடுவார். இந்த ஐம்பது ஆண்டுகளில் நூல் பலமுறை திருத்தப்பட்டது. வாள்வீச்சின் விதி சிறிதே மாறியது. மாயத்தின் விதியோ பதிப்புக்குப் பதிப்பு அடியோடு மாறியது.

காரணம் எளிது. வாளுக்கு எடையும் நீளமும் உண்டு, மாயத்துக்கு இல்லை. மாயத்துக்கு விதி எழுதப் புகுந்தவர் உண்மையில் எழுதுவது அதன் விலையைத்தான். விலையில்லா மாயத்தைக் கதையில் வைக்கலாம். ஆட்டத்தில் வைத்தால் முதல் நாழிகையிலேயே மற்ற மாந்தர்க்கு வேலை இராது. ஆகவே ஒவ்வொரு பதிப்பையும் கையில் எடுக்கும்போது நான் கேட்பது ஒன்றே: இதில் மாயவர் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார்?

முதற் பதிப்பில் அவர் கொடுத்தது நினைவை. சாக் வான்சு என்னும் எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட ‘டையிங் எர்த்’ என்னும் கதைநூலிலிருந்து கைகாக்ஸ் இதை எடுத்தாண்டார். மறைமொழியை நூலில் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சொன்னதும் அது மனத்தைவிட்டு முற்றாக அழிந்துவிடும். வான்சின் மாயவர் ஒருவரால் பெருமந்திரம் நான்கு, அல்லது சிறுமந்திரம் ஆறு மட்டுமே ஏந்த முடிந்தது. உளவியலார் சார்ச் மில்லர் 1956இல் மனித உடனினைவின் கொள்ளளவை ஏழுக்கு இரண்டு கூடவோ குறையவோ என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001இல் அதை ஏறத்தாழ நான்கு என்று குறைத்தார். கதைக்காரர் ஊகத்தில் சொன்னது ஆய்வாளர் எண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பது வியப்பு.

தமிழ் படிப்பவர்க்கு இவ்விடத்தில் கவனகக் கலை நினைவுக்கு வரும். 1907இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே அமர்வில் நூறு செயல்களில் கவனம் நிறுத்திக் காட்டிச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். நம் மரபில் நினைவாற்றல் என்பது எதையும் இழவாமை. மேலை ஆட்டத்திலோ சொன்ன சொல் சொன்னவரைவிட்டே ஓடிவிடுகிறது. 1978இல் வந்த விரிவான பதிப்பில் முதற்படியில் நிற்கும் மாயவர்க்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மறைமொழி. அதைச் சொல்லி முடித்தபின் மறுநாள்வரை அவர் கையில் ஒரு கோலோ கத்தியோதான்.

அதே 1978ஆம் ஆண்டுப் பதிப்பு, நினைவோடு பொருளையும் விலையாகக் கேட்டது. தீக்கோளத்துக்கு வேண்டியவை வௌவால் எச்சமும் கந்தகமும். மின்னலுக்கு மென்மயிர்த் துண்டும், அம்பரோ பளிங்கோ கண்ணாடியோ ஆன கோலும். எழுதியவர் குறும்பர். மின்னலுக்கான பட்டியல் உராய்வு மின்னுக்கான பள்ளிக்கூடச் செய்முறை. தீக்கோளத்தின் பட்டியல் வெடிமருந்தின் பாதி. வௌவால் எச்சத்தில் உள்ள அம்மோனியாவை மண்ணின் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன; அந்த மண்ணை நீரில் கரைத்துச் சாம்பல்நீரோடு சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து எனக் கலந்தால் கருமருந்து. கைகாக்சின் பட்டியலில் கரி மட்டும் இல்லை. மறந்தாரா, மாயம் நின்று செயல்பட அந்த இடத்தை வெறுமையாக விட்டாரா என்பது ஆட்டக்காரர்கள் பேசி மகிழத்தக்க வினா.

வேண்டிய சரக்கு இரண்டும் அந்தமானில் கிடைக்கும். பாராடாங்கின் சுண்ணப்பாறைக் குகைகளில் வௌவால்கள் உறைகின்றன. தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பாரன் தீவு கடலினின்று எழுந்து நிற்கிறது. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அவ்வழி வந்தபோது அது தீக்கக்கிக்கொண்டிருந்தது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் மீண்டும் விழித்தது. அதன் வாய்விளிம்பில் கந்தகம் படிந்திருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்றவர்கள் குறித்துள்ளனர்.

தீக்கோளத்தை இன்னும் சற்றுத் தொடர்ந்து செல்வோம். பதிப்புகளின் மனப்போக்கு அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1978இல் அது இயற்பியலுக்குக் கட்டுப்பட்ட தீ. இருபதடி ஆரமுள்ள உருண்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 33,000 கனவடி. இடம் குறுகலானாலும் தீயின் கொள்ளளவு குறையாது. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்கவழியில் எறிந்தால் தீ 330 அடி நீளத்துக்குப் பாய்ந்தாக வேண்டும். பக்கத்துக்கு 165 அடி. எறிந்தவர் அதனுள் நின்றால் அவரும் வெந்தார். கணக்குத் தெரியாத மாயவர் தம் கூட்டத்தையே எரித்த கதைகள் அக்கால ஆட்டக்காரரிடம் ஏராளம். அது விலையன்று, அறியாமைக்குத் தரும் தண்டம் என்று சொல்லலாம்.

1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, மாயவர் எவ்வளவு உயர்ந்தாலும் தீக்கோளத்தின் சேதத்தை அளக்கப் பத்துக் கவறுக்கு மேல் இல்லை என்று வரம்பிட்டது. 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் தீ குறுகலில் பொங்கிப் பாயும் வழக்கம் ஒழிந்தது. கொள்ளளவுக் கணக்கோடு அச்சமும் போயிற்று. நூலில்லாமலே பிறப்பால் மாயம் கைவரப்பெற்ற புதுவகை மாயவர் அப்பதிப்பில்தான் நுழைந்தார்: குறைவான மறைமொழிகளே தெரியும், அவற்றுள் எதையும் வேண்டியபோது சொல்லலாம். 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு வாள்வீரர்க்கும் மாயவர்க்கும் ஒரே அளவுகோல் வைத்தது. சில திறன்கள் எப்போதும், சில சண்டைக்கு ஒருமுறை, சில நாளுக்கு ஒருமுறை. விலை காலமாயிற்று. கட்டம் போட்ட பலகையில் மூலைவாட்டாக நகர்வதையும் ஒரு கட்டம் என்றே எண்ணியதால், சதுரங்க அரசனின் நடை எல்லாவற்றுக்கும் பொருந்தி, தீக்கோளம் ஏழு கட்டப் பக்கமுள்ள சதுரமாகிவிட்டது. கோளம் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. சமநிலையைப் பொறுத்தவரை அதுவே மிகச் செம்மையான பதிப்பு. எனினும் மாயம் என்ற உணர்வு மிகக் குறைந்ததும் அதுவே என்பது என் தீர்ப்பு.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விலை நுட்பமானது. சிறுமந்திரங்கள் வரம்பின்றிக் கிடைக்கும், விரலசைத்தால் தீப்பொறி. ஆனால் நீடித்து நிற்கும் மந்திரங்கள் பலவற்றுக்கு மனக்குவிப்பு வேண்டும். ஒரே வேளையில் ஒன்றில் மட்டுமே மனத்தைக் குவிக்கலாம். அடிபட்டால் குவிப்பு கலையக்கூடும். 1974இல் நினைவை விலையாகக் கேட்டவர்களின் வழிவந்தோர் நாற்பது ஆண்டு கழித்துக் கவனத்தைக் கேட்கின்றனர். கைப்பேசியோடு வாழும் தலைமுறைக்கு எது அரிதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நினைவு, பொருள், காலம், கவனம். இந்நான்கையும் பார்த்தபின் அந்தமானுக்குத் திரும்பினால், இவற்றுள் அடங்காத ஐந்தாவது விலை ஒன்று அங்கே இருந்தது தெரியும்.

தேன்மெழுகு விலக்கை விரிவாக ஆராய்ந்தவர் ஏ. ஆர். பிரவுன் என்னும் கேம்பிரிட்சு மாணவர். 1906 முதல் 1908 வரை தீவுகளில் களப்பணி செய்து 1922இல் ‘அந்தமான் தீவினர்’ என்ற நூலை வெளியிட்டார். 1933இல் அது மீண்டும் அச்சானபோது முகப்பில் ராட்கிளிஃப்-பிரவுன் என்றிருந்தது. ஆசிரியரே தம் பெயரைத் திருத்திய பதிப்பு. வடக்கு மொழியில் ‘கிமில்’ என்றொரு சொல்லை அவர் கண்டார். அதன் முதற்பொருள் சூடு. நெருப்பு கிமில். நோயுற்றவர் கிமில். கொந்தளிக்கும் கடல் கிமில். பருவமெய்தும் சடங்கில் நிற்கும் இளைஞரும் கிமில். ஆமைக்கறி போன்ற ஆற்றல் மிகுந்த உணவை உண்டவர் உடலும் அவ்வாறே. அதனால் உண்டபின் களிமண் பூசிக்கொள்வர். ஆற்றலும் இடரும் அவர்களுக்கு ஒரே பொருள். எது நலம் செய்யவல்லதோ அதுவே கொல்லவும் வல்லது. ‘ஒக்கோ-சூமு’ எனப்பட்ட கனவு காண்போர், செத்துப் பிழைத்தோ, காட்டில் ஆவிகளை எதிர்ப்பட்டோ, கனவிலோ அவற்றோடு பழகித் தம் ஆற்றலைப் பெற்றனர். அவர்கள் கொடுத்த விலை இடர்தான்.

இந்தச் சூட்டைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், ஆடியில் கூழ் வார்ப்பதும், சங்க நூல்களில் அணங்கு என்ற சொல் அழகுக்கும் வருத்தத்துக்கும் ஒருங்கே நிற்பதும் அதே நிலத்தில் முளைத்தவை என்று எனக்குத் தோன்றும்.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. தீ உண்டாக்கும் முறை அந்தமானியரிடம் இல்லை என்று பிரவுனும் அவர்க்கு முன் எழுதிய இ. எச். மேனும் குறித்தனர். கனலும் கட்டையை அணையாமல் காத்து, ஓடத்திலும் உடன் கொண்டுசென்றனர். அந்தத் தீயை முதலில் திருடிக் கொணர்ந்தது யார்? ஒரு குடியின் கதையில் மீன்கொத்தி, இன்னொன்றில் புறா. மின்னல் என்பது என்ன? பிலிகு வீசிய முத்துச்சிப்பி ஓடு என்பர் சிலர். எரிகட்டை என்பர் சிலர். பிலிகு வடக்கே பெண். தெற்கே புலுகா என்ற பெயரில் ஆண். மேன் தெற்கின் புலுகாவைப் படைத்தோனாகவே எழுதினார். அதை நம்பிய ஆண்ட்ரூ லாங்கும் வில்லெம் சுமிட் பாதிரியாரும் தொல்குடிகளிடம் ஒரே கடவுள் இருந்ததற்குச் சான்று என்றனர். பிரவுன் 1909இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். மறு ஆண்டு சுமிட் எதிர்வாதம் எழுதினார். ஐரோப்பிய அறிஞர் இருவர், எந்தப் பதிப்பு சரியென்று வழக்காடினர்.

பிரவுனின் விடை எனக்கு உவப்பானது. கதைகள் முரண்படுவது பிழையன்று. ஒரே கருத்தை வெவ்வேறு உருவில் சொல்லுதல் என்றார் அவர். ஆயினும் அவர் கேட்டதும் முழுமையானதன்று. தொடக்கத்தில் இந்துத்தானி வழியாகவே வினவினார். சிற்றந்தமானின் ஓங்கே மொழியைக் கற்க முயன்று இடையில் கைவிட்டார். அவர் சென்றபோதே கேட்பதற்கு ஆள் குறைந்துவந்தது. பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர்; 1911இல் 455; 1921இல் 209; 1931இல் 90. ஐரோப்பியர் வழியே வந்த நோய்களும் காடிழப்பும் அக்கணக்கை எழுதின.

1978ஆம் ஆண்டு விதிநூல் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. விரும்பியவர் வௌவால் எச்சமும் கந்தகமும் தேடிக்கொண்டு விளையாடலாம். பிரவுன் கிமிலைக் கேட்ட வடக்குக் குடிகளுள் ஒன்று அகா-போ. அம்மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 சனவரியில் காலமானார்.